பாலாமை என்று சொன்னேன்

என் அண்ணனின் வலது கை ஆள்காட்டி விரலை ஓர் ஆமை பிய்த்துவிட்டது. அவன் மீன் வெட்டுகிறவன். அந்த விரல் கத்தியின் முதுகில் படிந்து அழுத்தினால்தான் வஞ்சிரத்தின் நடுமுள்ளில் கத்தி ஒரே வெட்டில் இறங்கும். அந்த ஆமையைப் பிடிக்கச் சொன்னவன் நான். இவ்வளவும் எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று மட்டும் மூன்று மாதம் வரை எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா காலையில் கூடையோடு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய் மீன் விற்பாள். அண்ணன் மார்க்கெட்டில் கட்டை போட்டு மீன் வெட்டுவான். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலே வைத்ததில்லை. அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றான். பள்ளியை முடித்து நந்தனத்தில் கல்லூரிக்குப் போனவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன். அதுவும் விலங்கியல். அதனால் நாலு கால், எட்டுக் கால், காலே இல்லாதது என்று எது கண்ணில் பட்டாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை.

என் படிப்புக்கு மார்க்கெட்டில் மரியாதை வந்ததே ஒரு சண்டையால்தான். அடையாறில் ஓர் அடுக்குமாடியில் ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், தி.நகரில் கடை. ஒருநாள் அவர்கள் வீட்டு டிரைவர் வந்து அண்ணனிடம் சீலா கேட்டார். எங்கள் ஊரில் சீலா என்றால் ஊசி வாயும் கோரைப் பல்லும் உள்ள நீள மீன். அண்ணன் அதை வெட்டிக் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் டிரைவர் திரும்பி வந்து பையைக் கட்டையின்மேல் கவிழ்த்தார்.

"ஏமாத்துதியா? சீலா கேட்டா என்னத்தையோ வெட்டிக் குடுத்திருக்க?"

"இது சீலா இல்லாம இன்னா? ஒங்கப்பனா?" என்றான் அண்ணன்.

டிரைவர் ஒரு துண்டை எடுத்து அவன் முகத்தில் அடித்தார். அண்ணன் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அவர் காதோடு சேர்த்து அறைந்தான். அவர் ஐஸ் பெட்டிமேல் விழுந்தார். அவர் மூக்கிலிருந்து வந்த ரத்தம் சங்கரா மீன்கள்மேல் சொட்டியது. நான் நடுவில் புகுந்து கத்தினேன். நாம் வஞ்சிரம் என்கிற மீனைத்தான் அவர்கள் ஊரில் சீலா என்கிறார்கள், கன்னியாகுமரிக்குப் போனால் அதுவே நெய்மீன், இரண்டு பேரும் சொன்னது சரி என்றேன்.

டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அண்ணன், "ரெண்டு பேரும் கரெக்டுன்னா நான் எதுக்குடா மூஞ்சில அடி வாங்கினேன்?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஜவுளிக்கடை அம்மா, அண்ணன் பக்கம் ஆள் அனுப்பாமல் எங்கள் அம்மாவிடமே மீன் வாங்க ஆரம்பித்தார். "ஒங்க சின்னவன் வெவரமான பிள்ளம்மா" என்று சொன்னாராம்.

பிறகு இந்த மரியாதை வளர்ந்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டு மச்சிலிருந்து என்னவோ குதித்தது என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் சிறுத்தைக் குட்டி என்றார். எதிர்வீட்டுக்காரர் கீரி என்றார். குப்பை வண்டிக்காரர் மரநாய் என்றார். அவர் சொன்னதுதான் சரி. பழம் தின்கிற, யாரையும் சீண்டாத பிராணி. நான் போனபோது அது வாசலில் கிடந்தது. மண்டை பிளந்திருந்தது, ஒரு கண் வெளியே வந்திருந்தது. அடித்துப் போட்ட பிறகுதான் பெயர் கேட்டார்கள். பெயர் முதலில் தெரிந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அடுத்த தடவை முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை வந்தது. பாதி ஊர் மாலை போட்டிருந்ததால் மார்க்கெட் சுணக்கம். அண்ணன் வீட்டில் இருந்தான். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மீன் கொடுக்கப் போன அம்மா, ஜவுளிக்கடை அம்மாவின் போனிலிருந்து பேசினாள்.

"டேய், இங்க தண்ணித் தொட்டில ஆம வுயுந்து கீதுடா. இவங்கோ பயந்துகினு கீறாங்க. போட்டோ அனுப்பறாங்களாம், பாத்து சொல்லு."

தரைக்கு அடியில் தண்ணீர் சேமிக்கிற தொட்டி அது. மூடியைத் திறந்து போட்டிருந்தார்கள். படத்தில் கலங்கல் தண்ணீரும், அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பாசி பிடித்த ஒரு முதுகும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை. அடையாற்றுச் சேற்றில் இருக்கக்கூடியது பாலாமை. அதனால் ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டேன். இது பாலாமை, சாது, யாரும் அடிக்க வேண்டாம், அடித்தால் சட்டப்படி குற்றம், நாங்கள் வந்து எடுத்துவிடுகிறோம். அதன் லத்தீன் பெயரையும் அடுத்த செய்தியாக அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது அந்தப் பதிலை ஜவுளிக்கடை அம்மா கீழ்த்தளத்தில் நின்றவர்களுக்கு இரண்டாம் முறையாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். லத்தீன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அம்மா பக்கத்தில் கூடையோடு நின்று அந்தப் பெயர் புரிந்தவள் மாதிரி தலையாட்டினாள்.

இரண்டாம் மாடி மாமி ஒரு தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் பூவும் வைத்துக்கொண்டு தொட்டியிலிருந்து தள்ளி நின்றார். "பேரச் சொல்லாதீங்கோ. அடிச்சுப்பிடவும் வேண்டாம், தோஷம். மஞ்சக் குங்குமம் போட்டு நல்லபடியா ஜலத்துல கொண்டு விட்டுடுங்கோ" என்றார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது அங்கே எல்லா மாடிக்கும் பொது. வாட்ச்மேன் அறுபது வயதுக்காரர். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தபடி இருந்தார்.

"கடிக்குமாடா?" என்றான் அண்ணன்.

"பாலாமைண்ணா. ஓட்டுக்குள்ள போயிடும்."

"பங்குனி ஆமையவே தூக்கிப் போட்டவன் நானு. இது இன்னா, தட்டு" என்று சொல்லிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான்.

பங்குனியில் முட்டையிட வரும் கடலாமை வலையில் சிக்கினால் எங்கள் ஆட்கள் வலையை அறுத்து அதைக் கடலில் விட்டுவிடுவார்கள். தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஓட்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து, தாம்பாளத்தைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். கடலாமையின் வாய் அங்கே வரை திரும்பி வராது. சின்ன வயதிலிருந்து அண்ணனின் கை அப்படித்தான் பழகியிருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று இடது கையை ஓட்டின் ஒரு பக்கத்தில் வைத்தான். ஆமை கொஞ்சம் சாய்ந்தது. அதன் வால் தண்ணீருக்கு மேலே வந்தது.

பாலாமையின் வால் குட்டை, வெளியே தெரியவே தெரியாது. இது என் முன்கை அளவுக்கு நீளமாக இருந்தது. மேல்பக்கம் ரம்பப் பல் போல வரிசையாக முள். முதலை வால் போலவே இருந்தது. நான் சொன்ன பிராணி இது இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அண்ணனின் வலது கை இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. "விட்டுடுண்ணா" என்று சொல்ல நேரம் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜவுளிக்கடை அம்மா போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நான் எழுதியது இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இதுதான் மூன்று மாதம் நான் யாரிடமும் சொல்லாதது.

வலது கை ஓட்டின் மறுபக்கத்தைப் பிடித்ததும் உள்ளேயிருந்து கழுத்து வந்தது. அவ்வளவு நீளக் கழுத்தை நான் எந்த ஆமையிடமும் பார்த்ததில்லை. முதுகின் பாதி வரை வளைந்து வந்து விரலைக் கவ்வியது. அண்ணன் முதலில் கத்தவில்லை. கையை இழுத்தான். ஆமை கூடவே வந்தது. அதைத் தூக்கித் தொட்டிச் சுவரில் அடித்தான். இன்னொரு முறை அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஓடு சிமெண்டில் மோதும் சத்தமும் அவன் வாயிலிருந்து ஒரு உறுமலும் வந்தன. ஆமையின் நகங்கள் அவன் முன்கையை மேலிருந்து கீழாகக் கிழித்தன.

"அடிங்கடா அத. மேலேந்து குத்துங்கடா" என்று அப்புறம்தான் கத்தினான்.

வாட்ச்மேன் கடப்பாரையை உள்ளே விட்டுக் குத்தினார். முதல் குத்து அண்ணனின் தோளில் உரசியது. இரண்டாவது ஓட்டில் பட்டு வழுக்கியது. மாமி பின்னாலிருந்து, "இங்க வெச்சுக் கொன்னுடாதீங்கோ, குடிக்கற ஜலம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாவது முறை அண்ணன் முழு பலத்தோடு கையை இழுத்தான். பச்சை மட்டையை முறிப்பது போல ஒரு சத்தம். அவன் மல்லாந்து தண்ணீரில் விழுந்தான். எழுந்தபோது விரலில் அடிக்கணு மட்டும் இருந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு நரம்பு தொங்கியது.

அம்மா அவனை ஏணியிலிருந்து இழுத்து ஏற்றினாள். தன் முந்தானையைக் கையில் சுற்றினாள். பிறகு திரும்பி என் கன்னத்தில் அறைந்தாள். "படிச்சியே, இன்னாத்தடா படிச்ச?" என்றாள். அண்ணன், "அவன அடிக்காத. ஆட்டோவ கூப்புடு" என்றான்.

மருத்துவமனையில் டாக்டர் முந்தானையைப் பிரித்துப் பார்த்தார். "என்ன கடிச்சுது?"

"ஆமை சார்" என்றேன்.

"ஆமை கடிச்சு இப்படி வராதுப்பா. மெஷினா? நாயா? உண்மையச் சொல்லு."

"ஆமதான் சார். வாலு முதல மாரி கீது" என்றான் அண்ணன்.

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் எதையோ எழுதினார். பிறகு டாக்டர் என்னிடம், "விரல் எங்க? ஒட்ட முடியுமான்னு பாக்கலாம். சுத்தமான ஈரத் துணில சுத்தி, கவர்ல போட்டு, அந்தக் கவர ஐஸ்ல வெச்சுக் கொண்டு வா. விரல நேரா ஐஸ்ல போடாத. சீக்கிரம் போ" என்றார்.

அம்மாவை அங்கே விட்டுவிட்டு ஓடினேன். விரல் ஆமையின் வாயில் இருக்கிறது, ஆமை தொட்டியில் இருக்கிறது என்று ஆட்டோவில் எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

தொட்டியில் தண்ணீரே இல்லை. மோட்டார் போட்டு இறைத்திருந்தார்கள். வாசலில் எரிந்து முடிந்த கற்பூரத்தின் கரி இருந்தது. பூ சிதறிக் கிடந்தது. அம்மாவின் மீன் கூடை கேட் ஓரம் அப்படியே இருந்தது.

"அது எங்கம்மா?" என்றேன்.

"அனுப்பியாச்சுப்பா" என்றார் ஜவுளிக்கடை அம்மா. "சாக்குல போட்டுக் கட்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, முறைப்படி அனுப்பியாச்சு. ஆத்துல போட்டுட்டு இப்பதான் வாட்ச்மேன் வந்தாரு. ஒங்க அண்ணன் எப்படி இருக்கான்?"

"அவன் விரல்?"

"எந்த விரல்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆமையை அடிக்காமல், பெயர் சொல்லாமல், மஞ்சள் குங்குமத்தோடு வெளியேற்றுவதில் அத்தனை பேரும் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள். அதன் வாயில் ஒரு மனிதனின் விரல் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு ஆமை இருக்கிறதா என்று தொட்டியைக்கூட அரித்துப் பார்த்தார்களாம், ஒன்றும் இல்லையாம்.

நான் வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்து அறைந்தேன். ஏன் அவரை மட்டும் அடித்தேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். அங்கே நான் அடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "வா தம்பி, காட்டறேன்" என்று கடப்பாரையோடு சைக்கிளை எடுத்தார். நான் கூடையிலிருந்து அம்மாவின் மீன் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

சாக்கின் முடிச்சை அவிழ்க்கப் பயந்து, கட்டோடேயே அவர் கரையிலிருந்து வீசியிருந்தார். அது ஆகாயத்தாமரையில் சிக்கி அரைகுறையாக மிதந்தது. மஞ்சள் கறை பட்ட அரிசிச் சாக்கு. உள்ளே அசைவு இருந்தது. தொடை வரை சாக்கடைச் சேற்றில் இறங்கி அதைக் கரைக்கு இழுத்தேன். வாட்ச்மேன் கடப்பாரையைக் குறுக்கே வைத்து ஏறி நின்று அழுத்தினார். நான் சாக்கைக் கிழித்தேன். அது தலையை நீட்டிக் கத்தியைக் கவ்வியது. இரும்பில் அதன் அலகு உரசியதில் என் பல் கூசியது.

யாரும் அடிக்க வேண்டாம் என்று அன்று காலையில்தான் எழுதியிருந்தேன். கத்தியைப் பிடுங்கி அதன் கழுத்தில் வெட்டினேன். தோல் தடிமன். நான்கு வெட்டு ஆயிற்று. அறுந்து விழுந்த தலை மறுபடி வாயைத் திறந்தது. வாட்ச்மேனின் செருப்பு நுனியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் காலை உதறிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். வாயில் விரல் இல்லை. மீனுக்குக் குடல் எடுப்பது போலக் கழுத்துக் குழாயை நீளவாட்டில் கிழித்தேன். உள்ளே இருந்தது. நகத்தை வைத்து அடையாளம் தெரிந்தது. நகக்கண்ணில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

அடுக்குமாடிக்குத் திரும்பி, டாக்டர் சொன்னபடியே துணியில் சுற்றி, கவரில் போட்டு, அம்மாவின் கூடையிலிருந்த ஐஸில் வைத்துக் கொண்டு போனேன். டாக்டர் அதை விளக்கடியில் இரண்டு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நசுங்கிப் போச்சுப்பா. நரம்பு, ரத்தக் குழாய் எல்லாம் உருவி வந்திருக்கு. ஒட்டாது" என்றார். தையல் போட்டு மூடினார்கள்.

பிறகு கதை ஊர் சுற்றியது. குப்பத்தில் முதலை கடித்தது என்றார்கள். மார்க்கெட்டில் உடும்பு என்றார்கள், ஒருவர் நீர்நாய் என்றார். அடுக்குமாடியில் இன்றுவரை "அந்த ஜீவன்" என்றுதான் சொல்கிறார்களாம். அந்த ஜீவன் யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆசைக்கு வளர்க்கப்பட்டு, பெரிதானதும் சாக்கடையில் விடப்பட்டது என்று யாரும் வாய் திறக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடினேன். அது இந்த நாட்டுப் பிராணியே இல்லை. கவ்வுவதை வைத்தே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர், ஸ்னாப்பிங் டர்ட்டில். அமெரிக்காவிலும் ஊருக்கு ஒரு பெயராம். ஓர் ஊரில் சேற்றாமை என்பார்கள். அடுத்த ஊரில் சேற்றாமை என்றால் உள்ளங்கையில் அடங்குகிற, ஒன்றும் செய்யாத வேறொரு ஆமை. அங்கேயும் விரல் இழந்தவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கதையை அதோடு சேர்த்து என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. பெயர் தெரியாததால் அவன் விரல் போகவில்லை. வாலைப் பார்த்தவன் சொல்லாததால் போனது.

அண்ணனின் கட்டைக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். காலையில் வெட்டு, பிறகு கல்லூரி. அவன் எனக்குப் பின்னால் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து திட்டுவான். "புரொபசர், அது வஞ்சிரமா, வெறகா? மெதுவா வெட்டுடா, அதுக்கு வலிக்கப் போவுது." கை ஆறியதும் இரண்டு தடவை கத்தியைப் பிடித்துப் பார்த்தான். அழுத்தும்போது கத்தி சாய்ந்துபோயிற்று. கீழே போட்டுவிட்டான். இனிமேல் வெட்ட மாட்டானோ என்பதுதான் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத பேச்சு.

வாடிக்கைக்காரர்கள் கையைப் பார்த்துக் கேட்டால் அவனே கதை சொல்வான். அம்மா என்னை முறைக்கும்போதெல்லாம், "அவன் இன்னா பண்ணுவான். போட்டோல வெறும் சேறு. யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவான்" என்பான். அம்மா அடித்ததைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. அவன் யாரோ ஒருவருக்கு அதே வரியைச் சொன்னான். நான் சுறாத் தலையைப் பிளந்துகொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பி, "நான் வாலப் பாத்தேண்ணா. நீ வலது கைய வெக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன். வேற ஆமைன்னு தெரிஞ்சுது. சொல்லல" என்றேன்.

"இன்னாடா சொல்ற?"

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. அதான் சொல்லல."

அவன் எழுந்து கட்டைமேல் கிடந்த திருக்கை வாலை எடுத்து என் முகத்தில் அடித்தான். அதில் பொடிப்பொடியாக முள். கன்னம் நெடுக எரிந்தது. கையைத் தூக்கினேன். கையில் அடித்தான். கழுத்தில் அடித்தான். நான் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்தபோது விலாவில் உதைத்தான். அம்மா வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் அண்ணன் தம்பி விவகாரம் என்று விலகி நின்றார்கள்.

"தெரிஞ்சா கத்தணும்டா. தப்பா இருந்தாலும் கத்தணும். அசிங்கம் வந்தா உனக்குத்தான வரப் போவுது? வெரலு என்னுது" என்றான். மூச்சு வாங்கியது. திருக்கை வாலைத் தூக்கிப் போட்டான்.

முன்னால் ஒருவர் முழு வஞ்சிரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் நின்றிருந்தார். "இத யாருப்பா வெட்றது?" என்றார்.

"குடு" என்றான் அண்ணன்.

என் இடத்தில் உட்கார்ந்தான். கத்தியை நடுவிரலும் கட்டை விரலும் சேர்த்துப் பிடித்தான். முதல் வெட்டில் கத்தி நடுமுள்ளில் நின்றுவிட்டது. மரக்கட்டையால் கத்தியின் முதுகில் ஓங்கித் தட்டினான், இறங்கியது. துண்டு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. அடுத்ததும் அப்படித்தான். தழும்பு பிரிந்து கத்திப் பிடியில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அதைக் கைலியில் துடைத்துக்கொண்டு தொடர்ந்து வெட்டினான். மீன் கொடுத்தவர் துண்டுகளைப் பார்த்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பையை விரித்துப் பிடித்தார்.

"அடுத்து யாரு?" என்றான் அண்ணன்.

நான் எழுந்து கன்னத்தைக் கழுவப் போனேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல், "குடல அள்ளிப் போட்டுட்டு போடா" என்றான். அள்ளிப் போட்டேன்.